செம்புக் குழாய் சால்டரிங்: இணைப்பு ஏன் பிடிக்கவில்லை, ஏன் ஒழுகுகிறது

செம்புக் குழாயில் சால்டர், அதாவது உருக்கி ஒட்டும் உலோகக் கம்பி, வைத்த இடம் ஒழுக ஆரம்பித்தால் பலரும் செய்வது ஒன்றுதான்: வாயு டார்ச்சை மறுபடி பற்றவைத்து, ஒழுகும் இடத்தின் மேலேயே இன்னும் கொஞ்சம் சால்டரை உருக்கி அப்புவது. அப்போதைக்கு நின்றுவிட்டதாகத் தெரியும். அப்புறம் மறுபடி ஒழுகும். வெளியே வெள்ளி வளையமாகத் தெரிவது இணைப்பின் விளிம்பு மட்டும். தண்ணீரைத் தடுப்பதும் அழுத்தத்தைத் தாங்குவதும் உள்ளே, குழாய்க்கும் ஃபிட்டிங்குக்கும் (குழாய்களைச் சேர்க்கும் துண்டு) நடுவில் படர்ந்திருக்கும் மெல்லிய சால்டர் படலம். அந்தப் படலம் ஏன் முழுதாக உருவாகவில்லை என்று தெரியாமல் மேலே எவ்வளவு பூசினாலும் பயனில்லை.

அந்த இடைவெளி ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, உருகிய சால்டரை இந்த இடைவெளியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. கீழிருந்து மேலே ஏற வேண்டிய இணைப்பிலும் இழுக்கும். அப்படி இழுக்க நாலு விஷயம் அமைய வேண்டும்: இரண்டு பக்கமும் சுத்தமான வெற்று உலோகம், அதன்மேல் ஃபிளக்ஸ் (சால்டர் பிடிக்க உதவும் பசை), இரண்டு உலோகமும் சால்டரை உருக்கும் அளவுக்குச் சூடு, உள்ளே தண்ணீர் இல்லாமை. கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த நாலில் ஏதோ ஒன்று தவறியதால் வருபவை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது தண்ணீர்க் குழாய்களைப் பற்றி மட்டும். சமையல் வாயு செல்லும் குழாய், ஏசி, குளிர்சாதனப் பெட்டி குழாய்களுக்கு இந்தச் சால்டர் இணைப்பு ஆகாது. அவற்றுக்கு 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகும் கம்பியை வைத்துச் செய்யும் பிரேசிங் வேண்டும். அது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை.

## முதலில் சரியான முறை

பிழையைக் கண்டுபிடிக்க, சரியாக நடந்தால் எப்படி நடக்கும் என்பது மனதில் இருக்க வேண்டும்.

குழாயைப் பைப் கட்டரால் நேராக வெட்டுங்கள். கட்டரின் சக்கரம் விளிம்பைக் கொஞ்சம் உள்பக்கமாக மடக்கிவிடும். ஹேக்ஸா பிளேடால் அறுத்தால் இரண்டு பக்கமும் பிசிறு நிற்கும். ரீமராலோ அரத்தாலோ அந்தப் பிசிறை எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அந்த இடத்தில் தண்ணீர் சுழித்து ஓடும். நாளாக நாளாக அந்தச் சுழிப்பே செம்பை அரித்துவிடும். குழாயின் நுனி வட்டமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நசுங்கியிருந்தால் இடைவெளி ஒரு பக்கம் அகன்றும் இன்னொரு பக்கம் ஒட்டியும் போகும், சால்டர் சுற்றிலும் பரவாது. சுருளாக வரும் மென்செம்புக் குழாயில் இது அடிக்கடி நடக்கும்.

அடுத்தது சுத்தம். ஃபிட்டிங்குக்குள் போகும் ஆழத்தைவிடச் சற்றுக் கூடுதலான நீளத்துக்கு எமரி துணியால் சுற்றிச் சுற்றித் தேய்த்து, இளஞ்சிவப்பாக மின்னச் செய்யுங்கள். ஃபிட்டிங்கின் உள்பக்கத்துக்கு அதே அளவுக் கம்பி பிரஷ். புதிய ஃபிட்டிங் பளபளப்பாக இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். பெட்டியில் கிடந்த நாட்களில் அதன் மேலும் ஆக்சைடு படிந்திருக்கும். அதே சமயம், குழாயின் உலோகமே குறையும் அளவுக்குத் தேய்த்தால் இடைவெளி அகன்று, சால்டர் நிற்காது. தேய்த்த இடத்தை விரலால் தொடாதீர்கள். கையில் உள்ள எண்ணெய்ப் பசையே சால்டர் பிடிக்காத திட்டை உண்டாக்கும்.

ஃபிளக்ஸைச் சிறு பிரஷால் இரண்டு பக்கமும் மெல்லியதாக, சமமாகப் பூசுங்கள். விரலால் வேண்டாம், அதில் துத்தநாகக் குளோரைடு, அம்மோனியம் குளோரைடு வகை அரிக்கும் பொருட்கள் இருக்கும், கண்ணிலோ வெட்டுக்காயத்திலோ பட்டால் எரியும். குழாயை அடிவரை செருகி, ஒரு திருப்பு திருப்பி, வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். ஃபிளக்ஸ் பூசிய இணைப்பை அன்றைக்கே சால்டர் வைத்து முடிக்க வேண்டும். ராத்திரி முழுக்க விட்டுவைத்தால் அந்த அரிக்கும் பொருள் அங்கேயே தன் வேலையைத் தொடங்கிவிடும்.

டார்ச்சின் உள் நீலக் கூம்பு முடியும் நுனியில்தான் சூடு அதிகம். அந்த நுனியை முதலில் ஃபிட்டிங்கை ஒட்டிய குழாயின் மேல் சுற்றிலும் காட்டுங்கள். செம்பு அந்தச் சூட்டை ஃபிட்டிங்குக்குள் எடுத்துப்போகும். அப்புறம் சுடரை ஃபிட்டிங்கின் கழுத்துப் பக்கம், அதாவது குழாய் போய் முட்டி நிற்கும் அடிப்பகுதிக்கு நகர்த்துங்கள். சால்டர் கம்பியைச் சுடருக்கு எதிர்ப்பக்கத்தில் இணைப்பின் வாயில் தொட்டுப் பாருங்கள். உலோகத்தின் சூட்டிலேயே உருகினால் நேரம் வந்துவிட்டது. உருகிய சால்டர் சூடான பக்கத்தை நோக்கித்தான் ஓடும், அதனால் சுடர் அடிப்பகுதியில் இருக்க, கம்பி வாயில் இருந்தால் அது முழு ஆழமும் போய்ச் சேரும்.

கிடைமட்டமான இணைப்பு என்றால் அடிப்பகுதியின் நடுவிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கி, அடியைக் கடந்து ஒரு பக்கமாக உச்சிவரை வாருங்கள். பிறகு தொடங்கிய இடத்துக்குத் திரும்பி, மறுபக்கமும் அதேபோல் மேலே ஏறுங்கள். அடியில் முதலில் உறையும் சால்டர், மேலிருந்து வருவது வழிந்துபோகாமல் அணை கட்டிவிடும். 3 மில்லிமீட்டர் கம்பியில், குழாயின் விட்டம் எவ்வளவோ அந்த நீளம் ஓர் இணைப்புக்குப் போதும். 15 மில்லிமீட்டர் குழாய்க்கு 15 மில்லிமீட்டர் கம்பி, விளிம்புக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

முடிந்ததும் கையை எடுங்கள். உறையும்வரை தொடவே கூடாது.

## சால்டர் உருண்டை உருண்டையாகத் திரண்டு விழுகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஒரே அறிகுறிக்கு நாலைந்து காரணம் இருப்பதால் ஊகிக்காமல் செம்பின் நிறத்தையும் ஃபிளக்ஸின் நிலையையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஃபிளக்ஸ் இன்னும் பசையாகவே இருக்கிறது, கொதித்து நுரைக்கவே இல்லை என்றால் உலோகம் சூடாகவில்லை. கம்பி சுடரில் பட்டுத்தான் உருகியிருக்கிறது. சுடரால் உருகிய சால்டர் குளிர்ந்த செம்பில் பட்டதும் உறைந்து மேலே ஒட்டி நிற்கும், உள்ளே ஒரு துளியும் போகாது. கம்பியை எடுத்துவிட்டு இன்னும் சூடாக்குங்கள். கம்பியைச் சுடர் இல்லாத பக்கத்தில் மட்டுமே தொட வேண்டும் என்பதை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொண்டால் இந்தத் தவறு திரும்ப வராது.

ஃபிளக்ஸ் கொதித்து அடங்கிவிட்டது, செம்பு கறுக்க ஆரம்பித்திருக்கிறது, அதன்மேல் சால்டர் உருண்டு ஓடுகிறது என்றால் ஃபிளக்ஸ் எரிந்து தீர்ந்துவிட்டது. இனி சூட்டைக் கூட்டினால் நிலைமை மோசமாகத்தான் ஆகும். அதற்கு அடுத்த பகுதியைப் பாருங்கள்.

ஒரு பகுதியில் நன்றாகப் பரவி, சில திட்டுகளில் மட்டும் சால்டர் விலகி நிற்கிறது என்றால் அது சுத்தக் குறைவு. பழைய குழாயில் பெயின்ட், கிரீஸ், கை பட்ட தடம், எமரி படாமல் விட்ட ஓரம், இவற்றில் ஏதோ ஒன்று. ஃபிளக்ஸ் போதுமான அளவு இருந்தால் அழுக்கையும் அதுவே தின்றுவிடும் என்று நினைப்பது தவறு. தேய்த்த பிறகு மிச்சமிருக்கும் மெல்லிய ஆக்சைடைக் கரைக்கவும், சூடாகும்போது புதிதாக ஆக்சைடு உண்டாகாமல் தடுக்கவும் மட்டுமே அதனால் முடியும். பெயின்டையோ கிரீஸையோ அது ஒன்றும் செய்யாது.

கம்பியையும் ஒருமுறை பாருங்கள். எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கான கம்பியின் நடுவில் ரோசின் இருக்கும். குழாய் வேலைக்கு அந்த ரோசின் போதாது. அதைவிட முக்கியம், 60/40 என்று வரும் கம்பியில் 40 சதவீதம் ஈயம். குடிநீர்க் குழாயில் ஈயம் கலந்த சால்டருக்கு இடமே கிடையாது. அமெரிக்காவில் 1986-இல் குடிநீர்ச் சட்டத்தைத் திருத்தியபோது, குடிநீர்க் குழாய் சால்டரிலும் ஃபிளக்ஸிலும் 0.2 சதவீதத்துக்கு மேல் ஈயம் கூடாது என்று வைத்தார்கள்.

ஈயக் கம்பியில் பழகிய கை ஈயம் இல்லாத கம்பிக்கு மாறும்போதும் இதே உருண்டைப் பிரச்சினை வரும். பாதிக்குப் பாதி ஈயம் கலந்த பழைய கம்பி 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். 95/5 வெள்ளீயம்-ஆன்டிமனி கம்பிக்கு 232 டிகிரியாவது வேண்டும். பழைய கணக்கில் சுடரை எடுத்தால் உலோகம் அந்தச் சூட்டை எட்டியிருக்காது.

## ஃபிளக்ஸ் கருகிவிட்டது, செம்பு கறுத்துவிட்டது

சுடரை ஒரே இடத்தில் நிறுத்திவைத்தது அல்லது நேரம் கடந்தும் காட்டிக்கொண்டிருந்தது, இரண்டில் ஒன்று. 15 மில்லிமீட்டர் குழாய்க்குச் சாதாரண புரொப்பேன் டார்ச் இருந்தால் அதிக நேரம் எடுக்காது. ஃபிளக்ஸ் கொதித்துத் தெளிய ஆரம்பித்ததுமே கம்பியைத் தொட்டுப் பார்க்கத் தொடங்க வேண்டும். சில விநாடிக்கு ஒருமுறை தொட்டுப் பார்ப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. மாப் வகை வாயு உள்ள மஞ்சள் சிலிண்டர் டார்ச்சில் சூடு இன்னும் வேகமாக ஏறும். சின்னக் குழாயில் கை பழகாதவர்கள் புரொப்பேனிலேயே ஆரம்பிப்பது நல்லது என்பது என் கருத்து.

கருகிய பிறகு மேலே ஃபிளக்ஸ் தடவி மறுபடி சூடாக்குவது பலன் தராது. புது ஃபிளக்ஸ் இடைவெளியின் உள்ளே போகாது. உள்ளே இருப்பது கருகிய கரி. பிரித்து, இரண்டையும் வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, முதலிலிருந்து தொடங்குங்கள்.

## எவ்வளவு நேரம் சூடு காட்டினாலும் சால்டர் உருகவே இல்லை

பழுது பார்க்கும் வேலையில் இது வந்தால் முதல் சந்தேகம் தண்ணீர்தான். வால்வை மூடிவிட்டோம், தண்ணீர் நின்றுவிட்டது என்று தோன்றும். ஆனால் குழாயில் எங்கோ தேங்கியது மெல்ல வடிந்து, சரியாகச் சால்டர் வைக்கும் இடத்துக்கு வந்து சேரும். தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. சால்டருக்கு 230 டிகிரிக்கு மேல் வேண்டும்.

அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு கிராம் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கத் தேவைப்படும் சூடு, சுமார் 30 கிராம் செம்பைச் சால்டர் உருகும் நிலைக்குக் கொண்டுபோகப் போதும். சுவர்த் தடிமன் 0.7 மில்லிமீட்டர் உள்ள 15 மில்லிமீட்டர் குழாயில் அது சுமார் 10 சென்டிமீட்டர் நீளம். இணைப்பைச் சூடாக்க வேண்டிய சூட்டை அந்த ஒரு கிராம் தண்ணீரே தின்றுவிடுகிறது. சொட்டிக்கொண்டே இருந்தால் டார்ச் தோற்றுத்தான் போகும்.

செய்ய வேண்டியது: கீழே இருக்கும் குழாயைத் திறந்து வடியவிடுங்கள், மேலே ஒரு குழாயையும் திறந்து காற்று உள்ளே போக வழி செய்யுங்கள். காற்று போகாவிட்டால் தண்ணீர் உள்ளேயே தொங்கி நிற்கும். ஈரம் உறிஞ்சும் வாக்குவம் கிளீனர் இருந்தால் திறந்த நுனியில் வைத்து இழுத்துவிடலாம். மெயின் வால்வே சரியாக மூடாமல் சொட்டினால் சால்டர் வேலையைத் தள்ளிவைத்து முதலில் அந்த வால்வைக் கவனியுங்கள். இல்லாவிட்டால் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் சூடு தேவைப்படாத அழுத்தும் வகை ஃபிட்டிங்கைப் போட்டுவிடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. நிற்காத தண்ணீரோடு மல்லுக்கட்டிச் செய்த சால்டர் இணைப்பைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

குழாய் காய்ந்துதான் இருக்கிறது, ஆனாலும் உருகவில்லை என்றால் சூடு வேறு எங்கோ போகிறது. பித்தளை வால்வும் வார்ப்பு ஃபிட்டிங்கும் கனமானவை, சூட்டைக் கடத்துவதிலும் பித்தளை செம்பைவிட மூன்று நாலு மடங்கு மந்தம். அதனால் அதிக நேரம் பித்தளைப் பக்கம் காட்டி, சுடரைச் சுற்றிலும் நகர்த்த வேண்டும். 50 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய குழாயில் ஒரு டார்ச் ஒரு பக்கத்தைச் சூடாக்குவதற்குள் மறுபக்கம் ஆறிவிடும். அங்கே இரண்டாவது டார்ச்சோ பெரிய முனையோ வேண்டும். காற்று வீசும் இடமாக இருந்தால் ஒரு மறைப்புத் தகடு வையுங்கள்.

## வளையம் அழகாக இருக்கிறது, ஆனாலும் ஒழுகுகிறது

வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாததால் ஏமாற்றும் பிழை இது. பெரும்பாலும் காரணம், ஃபிட்டிங்கின் வாய்ப்பக்கம் மட்டும் சூடானது. அடிப்பகுதி குளிர்ந்தே இருந்ததால் சால்டர் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே போய் உறைந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் குழாயின் நுனியில் செம்பு வெறுமையாகத் தெரியும். சுடரை அடிப்பகுதியில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இரண்டாவது காரணம், கைக்கு எட்டாத பின்பக்கம். சுவரை ஒட்டிய குழாயில் முன்பக்கத்தில் மட்டும் கம்பியைக் கொடுத்துவிட்டு, பின்னால் தானாகப் போய்விடும் என்று விடுவோம். பின்பக்கம் சூடாகாமல் இருந்தால் போகாது. கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்துப் பின்னாலும் தொட்டுப் பாருங்கள். ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்தால் வளையம் முழுதாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சுவர்ப் பக்கம் மரமோ மற்ற தீப்பிடிக்கும் பொருளோ இருந்தால் நடுவில் தீத்தடுப்பு விரிப்பை வைக்காமல் டார்ச்சைப் பற்றவைக்கவே கூடாது. பக்கத்தில் தண்ணீரோ தீயணைப்பானோ இருக்க வேண்டும். வேலை முடிந்தபின் அரைமணி நேரமாவது அங்கேயே இருந்து, கனல் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

சால்டர் பொடி கலந்த ஃபிளக்ஸ் ஒன்று விற்கிறது. சூடானதும் அது வெள்ளியாக மின்னும். பார்ப்பவருக்கு இணைப்பு நிறைந்துவிட்டது என்றே தோன்றும், ஆனால் அந்தப் பொடி மட்டும் இடைவெளியை நிரப்பப் போதாது. கற்றுக்கொள்பவர்களுக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். சாதாரண ஃபிளக்ஸில் நடப்பது நடந்தபடி தெரியும்.

## வளையத்தில் ஊசித்துளை, அதிலிருந்து ஆவி சீறுகிறது

கடைசிச் சால்டரை வைக்கும் நேரத்தில் "புஸ்" என்று சத்தம் வந்து ஒரு துளை விழும். உள்ளே அடைபட்ட காற்றும் ஆவியும் வெளியேற வழி இல்லாமல், இன்னும் உறையாத சால்டரைத் துளைத்துக்கொண்டு வருகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் 1.7 லிட்டர் அளவுக்கு விரியும் என்றால் அந்த அழுத்தத்தைப் புரிந்துகொள்ளலாம்.

அந்தக் குழாய் வரிசையில் ஏதாவது ஒரு தண்ணீர்த் திருகையோ வால்வையோ திறந்து வைத்துவிட்டு வேலை செய்தால் போதும். இது சின்ன விஷயம், ஆனால் கடைசி இணைப்பை மூடும்போது கட்டாயம் ஞாபகம் வைக்க வேண்டியது. மற்ற எல்லா இணைப்பிலும் காற்றுக்கு ஒரு திறந்த வாய் இருந்திருக்கும், கடைசியில்தான் இருக்காது.

## சால்டர் மங்கலாக, சொரசொரப்பாக உறைந்திருக்கிறது

உறையும் நேரத்தில் குழாய் ஆடியிருக்கிறது. சில கலவைகள் ஒரே சூட்டில் சட்டென்று உறையும். சில, கூழ் நிலையில் கொஞ்ச நேரம் இருந்துதான் உறையும். 97/3 வெள்ளீயம்-செம்புக் கம்பி இரண்டாவது வகை. கூழாக இருக்கும்போது அசைத்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் ஓடும். அதனால் சூடாக்கும் முன்பே குழாயைக் கிளாம்பால் நிறுத்திவிடுங்கள்; கையால் பிடித்துக்கொண்டு செய்யும் இணைப்பு ஆடாமல் இருப்பது கஷ்டம்.

சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர் ஊற்றுவதும் இதே கெடுதலைச் செய்யும். வார்ப்பு ஃபிட்டிங்கில் அது ஃபிட்டிங்கையே விரிசல் விடச் செய்யலாம். தானாக ஆறவிடுங்கள். உறைந்தபின் ஈரத்துணியால் வெளியே மிஞ்சிய ஃபிளக்ஸைத் துடைக்கலாம்.

ஆடியது மட்டும்தான் காரணம், ஃபிளக்ஸ் கருகவில்லை, குழாய் இன்னும் காய்ந்தே இருக்கிறது என்றால் பிரிக்காமலே காப்பாற்ற வழி உண்டு: விளிம்பில் கொஞ்சம் ஃபிளக்ஸ் தடவி, சால்டர் முழுதும் மறுபடி உருகும்வரை சூடாக்கி, ஒரு துளி புதுச் சால்டரும் கொடுத்து, அசையாமல் ஆறவிடுங்கள்.

## ஒன்றைச் சால்டர் வைத்தால் பக்கத்து இணைப்பு விட்டுப்போகிறது

டீ (மூன்று வாய் ஃபிட்டிங்), எல்போ (வளைவு ஃபிட்டிங்) என்றால் எல்லா வாய்களையும் சுத்தம் செய்து, ஃபிளக்ஸ் பூசி, செருகி வைத்துக்கொண்டு ஒரே சூட்டில் முடித்துவிடுவதுதான் சிறந்தது. அது முடியாத இடத்தில், ஏற்கெனவே முடிந்த இணைப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிடுங்கள். துணியின் ஈரம் நீங்கள் சால்டர் வைக்கும் இணைப்புக்குள் வடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சால்டர் உருகியே விட்டாலும் பதற வேண்டாம். குழாயை அசைக்காமல் இருந்தால் பெரும்பாலும் அது இருந்த இடத்திலேயே மறுபடி உறைந்துவிடும். உருகியதைப் பார்த்துத் திடுக்கிட்டுக் குழாயைப் பிடித்து இழுக்கும்போதுதான் உண்மையான கெடுதல் நடக்கும்.

## வால்வை இணைத்த பிறகு அது சரியாக மூடவில்லை

உள்ளே இருந்த ரப்பரோ பிளாஸ்டிக் சீட்டோ சூட்டில் கெட்டிருக்கிறது. கழற்றக்கூடிய தண்டும் வாஷரும் உள்ள வால்வில் அவற்றைக் கழற்றிவிட்டுச் சால்டர் வையுங்கள். பால் வால்வில் (உள்ளே துளையுள்ள உருண்டை திரும்பி மூடும் வகை) கழற்ற முடியாது. அதை முழுக்கத் திறந்து வைத்து, உடம்பின் நடுவில் ஈரத்துணி சுற்றி, சுடரை வால்வின் உடம்பை நோக்கிக் காட்டாமல் வெளிப்பக்கம் திருப்பி வைத்து, சீக்கிரமாக முடியுங்கள். மரை உள்ள இணைப்பு என்றால் மரை அடாப்டரைக் குழாயில் தனியாகச் சால்டர் வைத்து, ஆறிய பிறகு வால்வில் முறுக்குவது இன்னும் பாதுகாப்பு.

## தண்ணீர் வேகம் குறைந்துவிட்டது

மிஞ்சிய சால்டர் உள்ளே வழிந்து உறைந்திருக்கலாம், இல்லையென்றால் துளியாக உதிர்ந்து குழாய் வாய் வடிகட்டியில் மாட்டியிருக்கலாம். வடிகட்டியை முதலில் கழற்றிப் பாருங்கள். 15 மில்லிமீட்டர் இணைப்பு விரல் நீளக் கம்பியைத் தின்றது என்றால் மிச்சம் எங்கே போயிற்று என்று கேட்டுக்கொள்ள வேண்டும்: தரையில் இல்லை என்றால் குழாய்க்குள்.

## ஒழுகும் இணைப்பைப் பிரித்து மறுபடி செய்வது

முதலில் தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். இணைப்பின் வெளியே ஃபிளக்ஸ் தடவி, சால்டர் மினுக்கும்வரை சூடாக்கி, இடுக்கியால் ஃபிட்டிங்கைப் பிடித்து நேராக இழுங்கள். திருகி இழுக்கலாம், ஆனால் குழாயை வளைக்க வேண்டாம்.

குழாயின் மேல் பழைய சால்டர் தடிப்பாக நிற்கும். அதோடு புது ஃபிட்டிங் உள்ளே போகாது. இன்னொரு முறை சூடாக்கி, உருகி இருக்கும்போதே தடித்த பருத்தித் துணியால் ஒரே இழுப்பில் துடைத்தெடுங்கள். கையில் தோல் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இருக்கட்டும். தெறிக்கும் சால்டர் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். துடைத்த பிறகு எமரி போட்டு, புது ஃபிட்டிங் தடையில்லாமல் அடிவரை போகிறதா என்று காய்ந்த நிலையிலேயே செருகிப் பாருங்கள். வெள்ளிப் பூச்சாக மெல்லியதாய் மிஞ்சியிருப்பது நல்லதுதான், புதுச் சால்டர் அதில் எளிதாகப் பிடிக்கும்.

பழைய ஃபிட்டிங்கைச் சுத்தம் செய்து மறுபடி போடலாமா? போடலாம், முடியாது என்று இல்லை. ஆனால் உள்பக்கத்துக் கருகலையும் சால்டர் தடிப்பையும் முழுக்க எடுக்க ஆகும் நேரத்தையும் மறுபடி ஒழுகும் அபாயத்தையும் பார்த்தால் நான் எப்போதும் புதியதையே போடுவேன். குழாயின் நுனியும் மோசமாகக் கறுத்திருந்தால் அந்த அளவை வெட்டியெடுத்து, ஒரு கப்ளிங்கும் (இரண்டு குழாயை நேராகச் சேர்க்கும் ஃபிட்டிங்) சிறு துண்டுக் குழாயும் சேர்த்துவிடுவது வேலையைச் சீக்கிரம் முடிக்கும்.

## சில மாதம் கழித்து இணைப்பில் பச்சைக் கறை

வெளியே மட்டும் பச்சை படிந்து ஈரம் இல்லை என்றால் துடைக்காமல் விட்ட ஃபிளக்ஸ்தான் செம்பை மெல்ல அரித்துக்கொண்டிருக்கிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள்.

கவலைப்பட வேண்டியது உள்பக்கம். இடைவெளியில் அளவுக்கு மீறி ஃபிளக்ஸ் பூசினால் மிஞ்சியது குழாய்க்குள் தள்ளப்பட்டு, அடிப்பக்கத்தில் ஓடிப் படியும். மெழுகுப் பசை வகை ஃபிளக்ஸ் குளிர்ந்த தண்ணீரில் கரையாது. படிந்த இடத்தில் வருடக்கணக்கில் குழியாக அரித்து, கடைசியில் இணைப்பைவிட்டுத் தள்ளி, நல்ல குழாயிலேயே துளை விழும். அப்படி விழுந்தால் குழாய் மட்டம் என்று பழி சொல்வார்கள். தண்ணீரில் கரையும் வகை ஃபிளக்ஸ் கிடைத்தால் அதையே வாங்குங்கள். எந்த வகையானாலும் புது வரிசையை முடித்த அன்றே நன்றாகத் தண்ணீர் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். சுடுதண்ணீர் வரிசை என்றால் சுடுதண்ணீராலேயே.

## சோதனை

இணைப்புகள் தொடும் அளவுக்கு முழுக்க ஆறிய பிறகு, மேலே ஒரு குழாயைத் திறந்து வைத்து, வால்வை மெதுவாகத் திறந்து காற்று முழுதும் வெளியேறும்வரை நிரப்புங்கள். பிறகு மூடி, வழக்கமான அழுத்தத்தில் விட்டு, ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் காய்ந்த காகிதத் துண்டால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரியும்.

முதல் சோதனையில் காய்ந்திருந்தது என்று உடனே சுவரை மூடிவிட வேண்டாம். இடைவெளியில் சிக்கிய ஃபிளக்ஸ் பசையே ஒரு சிறு துளையைச் சில நாள் அடைத்து வைத்திருக்கும். சுடுதண்ணீர் ஓடி அந்தப் பசை கரைந்த பிறகுதான் ஒழுக்கு வெளியே வரும். அதனால் முதலில் கழுவுங்கள், சுடுதண்ணீர் வரிசையைச் சில முறை சூடாக்கி ஆறவிடுங்கள், மறுநாளும் அதன் மறுநாளும் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு சுவரை மூடலாம்.